தவில் யாரு?

என் விடுதி அறைத்தோழனுக்கு ஜாஸ் பைத்தியம். சாதாரணப் பைத்தியம் இல்லை, முற்றிய கேஸ். காலையில் பல் துலக்கும்போதே மைல்ஸ் டேவிஸ் ஆரம்பித்துவிடுவார். முதல் வருடம் முழுக்க எனக்கு அது டிரம்பெட் சத்தம், அவ்வளவுதான். இரண்டாம் வருடத்தில் அவனும் அவனுடைய நண்பர்கள் இரண்டு பேரும் போடும் சண்டையைக் கேட்க ஆரம்பித்தேன். பாட்டை விட அந்தச் சண்டை சுவாரஸ்யமாக இருந்தது என்பதுதான் உண்மை!

'கைண்ட் ஆஃப் புளூ' என்று ஓர் ஆல்பம். 1959ல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவு செய்தது. இதைப் பற்றி மூன்று பேரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். "எல்லாப் பாட்டுக்கும் பியானோ பில் எவன்ஸ்" என்று ஒருவன் சொன்னால், "தப்பு, ஃப்ரெடி ஃப்ரீலோடருக்கு மட்டும் விண்டன் கெல்லி" என்று இன்னொருவன் பாய்வான். டிரம்ஸ் ஜிம்மி காப், பாஸ் பால் சேம்பர்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், அடுத்து யாரோடு வாசித்தார் என்ற கதை. பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டவருக்குக் கூட விசிறிகள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜாஸ் ரசிகர்கள் ஆரம்பத்திலிருந்தே எழுதி வைத்திருக்கிறார்களாம். 1936லேயே பாரிஸில் சார்ல்ஸ் டெலோனே என்ற ரசிகர் இசைத்தட்டுகளுக்கென்று ஒரு பட்டியல் புத்தகம் போட்டுவிட்டார். எந்தத் தட்டில் யார் யார் வாசித்தார்கள், எப்போது பதிவானது என்று தேடித் தேடிச் சேர்த்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதைத் திருத்தி, சேர்த்து, சண்டை போட்டு இன்றைக்கு வரை வளர்த்துக்கொண்டு வருகிறார்கள்.

சரி, இதற்கும் எங்கள் நேமத்தான்பட்டிக்கும் என்ன சம்பந்தம்? வருகிறேன்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய வீடு ஐந்து புள்ளிக்குப் பொது. யாரும் நிரந்தரமாக அங்கே இல்லை, அப்பத்தாவைத் தவிர. ஒரு சாந்திக் கல்யாணத்துக்காக எல்லோரும் கூடியிருந்தோம். கூடியதும் கூடினோம், இரண்டாங்கட்டு அறையில் கிடக்கும் பொதுச் சாமான்களை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. காரைக்குடியிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவரும் வந்தார்.

அந்த அறையில் ஒரு கிராமபோன் பெட்டியும், நாற்பது சொச்சம் இசைத்தட்டுகளும் இருந்தன. ஐயாவுடைய அப்பச்சி பினாங்கில் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்தில் சேர்த்தது. ஐயா இருந்தவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து போடுவார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வியாபாரி கிராமபோனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து விலை சொன்னார். தட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தட்டுக்குத் தனியா ஒண்ணும் இல்லைங்க. சேர்த்துக் குடுத்துருங்க, ஓட்டல் சுவத்துல மாட்டுறதுக்குக் கேப்பாங்க" என்றார்.

சுவரில் மாட்டுவதற்கா! எனக்கு என்னவோ செய்தது. இத்தனைக்கும் நான் அதுவரை அந்தத் தட்டுகளைத் தொட்டதே கிடையாது. ஐயா போடும்போது "இந்தக் கரகரப்பை எப்படித்தான் கேக்குறீங்களோ" என்று ஓடியவன்தான். இப்போது போய் உரிமை கொண்டாட எனக்கு என்ன தகுதி?

இத்தனைக்கும் இந்த ஊர்ப்பக்கத்துக்கும் இசைத்தட்டுக்கும் ரொம்ப நாள் உறவு. ஏவி.எம். ஸ்டுடியோவை உண்டாக்கிய மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். அவருடைய அப்பா நடத்திய கடையில் கிராமபோன் தட்டும் விற்றார்கள். பிறகு சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று கூட்டாக ஆரம்பித்துத் தட்டு வெளியிட்டு, அதற்குப் பிறகுதான் சினிமா. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று சேர்த்தார். அவர் 1992ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதுதான் இன்றைக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அவர் சேர்த்த நோட்டீஸை எல்லாம் பலகாரம் மடிக்கக் கொடுத்திருந்தால்?

அன்று மத்தியானம் பந்தி முடிந்து எல்லோரும் அசந்திருந்த நேரம். ஒரு நாதஸ்வரத் தட்டை எடுத்துத் துடைத்தேன். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி அரித்திருந்தது. வித்வான் பெயரில் 'பிள்ளை' மட்டும் மிச்சம். (நாதஸ்வரத்தில் பிள்ளை என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் தஞ்சாவூர் ஜில்லாவையே கூப்பிட வேண்டும்!) அடுத்து 'நாதஸ்வரம்', 'காம்போதி'. அதற்குக் கீழே காகிதம் சேதமில்லாமல் இருந்தது. ஆனால் அதில் எழுத்து எதுவும் இல்லை. தவில் யார் என்று போடவே இல்லை.

என் அறைத்தோழன் ஞாபகம் வந்தது.

சாந்திக்கு வாசிக்க வந்திருந்த மேளக்காரர்கள் திண்ணையில் படுத்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களிடமே போய்விட்டேன். பெரியவர் ஒருவர், தவில், எழுபது வயது இருக்கும். விரலில் கூடு போட்டுப் போட்டுத் தழும்பேறிய கை. நாதஸ்வரக்காரர் அவரை விட இருபது வயது இளையவர். "ஐயா, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?" என்றேன்.

சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். மூன்று நிமிடம், கொஞ்சம் கூட. முடிகிற வரை இருவரும் பேசவில்லை. முடிந்ததும் ஆரம்பித்தது பாருங்கள்...

"ராஜரத்தினம் பிள்ளை" என்றார் இளையவர்.

"போடா. அவரா இருந்தா இந்த இடத்துல இறங்கியிருக்கவே மாட்டார்."

"அப்ப வீழிமிழலையா?"

"அவங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருல்ல? இதுல ஒரு குழல்தான் பேசுது. காதைத் திறந்து கேளு."

இளையவர் விடவில்லை. சுருதியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் திமிரி என்ற குட்டையான நாதஸ்வரம்தான் பெருவழக்கு, சுருதி தூக்கலாக இருக்கும். நீளமான பாரி நாயனத்தைக் கீழ்ச்சுருதியில் வாசித்துப் பரவலாக்கியவர் ராஜரத்தினம். எனவே சுருதி எவ்வளவு என்று தெரிந்தால் எந்தக் குழல் என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. நல்ல யோசனைதான். சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தார். முதல் தடவை ஒரு சுருதி, இரண்டாம் தடவை அரைக்கட்டை குறைவு! பெட்டியின் சுருள்வில் தளர்ந்துபோய்த் தட்டு மெதுவாகச் சுற்றினால் சுருதியும் இறங்கிவிடும். தட்டே எந்த வேகத்தில் பதிவானதோ, அதுவும் அந்தக் காலத்தில் துல்லியமாக 78 என்று சொல்ல முடியாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'கைண்ட் ஆஃப் புளூ'வுக்கும் இதே வியாதிதான். பதிவான அன்று ஒரு டேப் இயந்திரம் வேகம் மாறி ஓடியதால் முதல் மூன்று பாட்டும் கொஞ்சம் சுருதி ஏறிய நிலையிலேயே பல வருடம் விற்பனையானது. 1992ல்தான் மாற்று டேப்பை வைத்துச் சரி செய்தார்கள். நியூயார்க்கிலேயே அந்தக் கதி என்றால் நேமத்தான்பட்டித் திண்ணையில் கேட்கவா வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன் அவர்களிடம். சார்லி மரியானோ என்று ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர். 1963ல் சார்ல்ஸ் மிங்கஸோடு பெரிய ஆல்பத்தில் வாசித்தவர். 1960களில் மலேசியா போன இடத்தில் நாதஸ்வரத்தில் மயங்கி, பின்னால் தென்னிந்தியாவுக்கே வந்து கற்றுக்கொண்டார். 1975ல் எபர்ஹார்ட் வெபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' என்ற ஜெர்மன் ஜாஸ் தட்டில் வாசித்தார். அந்தத் தட்டில் அவர் பெயருக்கு நேராக 'நாகஸ்வரம்' என்று அச்சடித்திருக்கிறது. நம் காரைக்குடி மணி கூட 1990களில் ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்காரர்களோடு சேர்ந்து மிருதங்கம் வாசித்திருக்கிறார் என்றேன். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேரு போட்டிருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

"போட்டிருக்காங்கய்யா. எல்லார் பேரும்."

"ம்" என்றவர், "இன்னொரு தடவை வை" என்றார். இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டைக் கொஞ்சம் தேய்க்கும் என்று தெரியும். ஆனாலும் வைத்தேன், கைபேசியில் பதிவும் செய்துகொண்டேன். இந்த முறை அவர் நாதஸ்வரத்தைக் கேட்கவில்லை, தொடையில் தட்டிக்கொண்டே தவிலை மட்டும் கேட்டார்.

"இந்த ஆளைத் தள்ளி உட்கார வச்சிருக்காங்க தம்பி. பக்கத்துல உட்கார்ந்தா தவில் நாயனத்தை அமுக்கிரும்ல. தள்ளி உட்கார்ந்தும் கையை அடக்கித்தான் வாசிக்கிறான். கடைசியில தீர்மானம் வைக்க எடுக்கிறான் பாரு... வச்சு முடிக்கலை. நேரம் ஆச்சுன்னு கை காட்டியிருப்பாங்க."

யார் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு பெயர் சொன்னார், அவரே இரண்டையும் வேண்டாம் என்றார்.

எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் முடிக்காமல் விட்ட தீர்மானம் இன்னும் கேட்கிறது. ஆனால் அவர் பெயர் போய்விட்டது. தட்டு காப்பாற்றியது சத்தத்தை மட்டும்தான். பெயரைக் காப்பாற்ற யாராவது அன்றைக்கே கேட்டு எழுதியிருக்க வேண்டும். ஜாஸ்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது டிரம்பெட் இல்லை, இதுதான் என்று தோன்றியது.

உள்ளே போய் சாந்தி அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். 'மங்கள இசை' என்று போட்டு நாதஸ்வரக்காரர் பெயரும் 'குழுவினர்' என்ற ஒரு சொல்லும். அச்சுக்கு அனுப்பும் முன் பிழை பார்த்தவன் நானேதான்!

கிராமபோன் போய்விட்டது. ஐந்து புள்ளிக்கும் பங்கு. தட்டுகளை யாரும் கேட்கவில்லை, "அவனே வச்சுக்கட்டும்" என்று அப்பத்தா சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன் முடிந்த மட்டும் கைபேசியில் ஏற்றிவிட்டேன். நல்ல இயந்திரம் வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் ஒழுங்காக மாற்ற வேண்டும்.

சாயங்காலம் மேளக்காரர்கள் கிளம்பும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. ஐந்து பேரிடமும் பெயர், ஊர், யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு எழுதினேன். சாந்தி வீடியோவோடு சேர்த்து வைக்கப் போகிறேன். பெரியவர் தன் முறை வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் என் பேனாவையே பார்த்தார்.

பிறகு, "இனிஷியலோட எழுது தம்பி. எங்க ஊர்ல இதே பேர்ல இன்னொருத்தன் இருக்கான். அவனும் தவில்தான்" என்றார்.