எரியாத நூலகம்

நூலகம் என்றதும் யாழ்ப்பாணம் என் நினைவுக்கு வரும். 1981ஆம் ஆண்டு அந்நகரின் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரு நூலுக்கு ஒரே படிதான் உண்டென்றால், அதன் ஆயுள் ஒரு தீக்குச்சியின் தயவில் இருக்கிறது அன்றோ?

இதை உணர்ந்த ஈழத்து இளைஞர் சிலர் 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளையே அதற்கு அடித்தளமாகக் கொண்டனர். இன்று பல்லாயிரம் நூல்களும் இதழ்களும் அங்கே கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன? எங்கள் பூதலூர் உழவருக்கு விதைநெல்லைக் காட்டியே விளக்கிவிடலாம். வீட்டில் எடுத்துவைத்த விதையை விதைக்கலாம். அண்டை வீட்டாருக்கு ஒரு மரக்கால் அளக்கலாம். நல்ல கதிராகப் பார்த்துத் தேர்ந்து மேம்படுத்தலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையோ ஆண்டுதோறும் காசு கேட்கும்.

நியூசிலாந்தின் சிறு வட்டார நூலகம் ஒன்றுக்காக 1999இல் உருவானது 'கோஹா'. மாவோரி மொழியில் அதற்கு நன்கொடை என்று பொருள். புத்தகம் வழங்கும் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். அந்நாட்டு வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்த 'கிரீன்ஸ்டோன்' நூல்களையே மின்வடிவில் தொகுத்துத் தேடித் தரும். இணையம் இல்லாத இடத்திலும் சாதாரணக் கணினியில் இயங்கும்.

எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறையும் உண்டு. என் அப்பாயி நாற்பதுக்கு மேற்பட்ட நடவுப் பாட்டுகள் அறிந்தவர். இயந்திர நடவு வந்தபின் வயலில் அப்பாட்டுகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன், பாதிதான் முடிந்திருக்கிறது. அவருக்கோ வயது எண்பத்திரண்டு. நோட்டும் ஒன்றே ஒன்றுதான்.

மென்பொருள் இருந்தால் மட்டும் போதாது. பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பின்றிச் சேர்த்தால், பெயர் எழுதாத மூட்டைகளை அடுக்கிய களஞ்சியமாகிவிடும். ஒருங்குறி எழுத்தில் தட்டச்சிடாவிடில் தேடினாலும் அகப்படாது. படிகளை இரண்டு மூன்று இடங்களிலேனும் வைக்க வேண்டும். ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்த நம் முன்னோர் செய்ததும் இதுவே.

நண்பர்களே! விதை இலவசமாகக் கிடைக்கிறது. நம் கல்லூரியில் கணினியும் உண்டு, கைகளும் உண்டு. இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு பழம்புத்தகம் கொண்டு வாருங்கள். பேராசிரியர்கள் வழிகாட்டினால் அடுத்த ஆண்டு மலருக்குள் ஒரு சிறு மின்னூலகம் நம் கல்லூரியில் முளைத்துவிடும்.