வாஸ்: ஒரே ஆட்டத்துக்கு ஒரு குமிழ்

அர்கனாய்ட் என்ற வீடியோ கேமை அம்புக்குறிப் பட்டன் வைத்தும் ஆடலாம். ஆடி ஜெயிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆடுவது வேறு ஆட்டம் என்பதுதான் என் கட்சி.

கீழே மட்டை, மேலே செங்கல், நடுவே பந்து என்ற ஏற்பாடு 1976இல் அடாரியின் 'பிரேக்அவுட்'டில் வந்தது. பத்தாண்டு கழித்து ஜப்பானின் டைட்டோ அதையே எடுத்து 'அர்கனாய்ட்' என்ற ஆர்கேட் ஆட்டம் ஆக்கியது. மட்டை விண்கலமானது, பெயர் வாஸ். சில கற்கள் உடைந்தால் மாத்திரை விழும்: ஒன்று மட்டையை நீட்டும், ஒன்று பந்தை மூன்றாக்கும், ஒன்று லேசர் தரும். 1987இல் அமெரிக்காவில் நின்டெண்டோ கன்சோலுக்கு வந்தபோது, கேட்ரிட்ஜோடு ஒரு சாம்பல் நிறக் கண்ட்ரோலரும் பெட்டியில் இருந்தது. அதற்கும் வாஸ் என்றே பெயர். ஒரு குமிழ், ஒரு பட்டன், அவ்வளவுதான்.

அந்தக் குமிழில்தான் சங்கதி இருக்கிறது. அம்புக்குறியை அழுத்தினால் மட்டை ஒரே வேகத்தில் நகரும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கவலை. குமிழில் அந்தக் கவலையே இல்லை. விரல் எந்த இடத்தில் நிற்கிறதோ, மட்டையும் அந்த இடத்தில் நிற்கும். திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மணிக்கட்டின் ஒரே வெட்டில் போய்விடலாம். மயிரிழை நகர்த்தவும் செய்யலாம்.

மயிரிழை எதற்கு என்றால், பந்து மட்டையின் நடுவில் பட்டால் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், ஓரத்தில் பட்டால் சாய்ந்து பறக்கும். மூன்றாம் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடையாத தங்கக் கற்கள் வரிசை வரிசையாகக் குறுக்கே நிற்கும். ஓரத்தில் மட்டும் உடைபடும் கல் சில, ஒரு வரிசையில் இந்தப் பக்கம் என்றால் அடுத்ததில் அந்தப் பக்கம். அந்தச் சந்துக்குள் பந்தை அனுப்ப, மட்டையின் எந்த முனையில் வாங்குவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பட்டனில் இது பாதி அதிர்ஷ்டம். குமிழில் வேலைத்திறன்.

லேசர் மாத்திரைக்குப் பலர் பாய்வார்கள். நான் பாய்வது வேகத்தைக் குறைக்கும் 'எஸ்' மாத்திரைக்கு. மட்டை நீண்டிருக்கும்போது லேசரைப் பிடித்தால் நீளம் போய்விடும். விழுகிற எல்லாவற்றையும் பொறுக்குகிறவன் நீண்ட நேரம் ஆடுவதில்லை.

ஆர்கேட் பெட்டியில் இருந்தது முடிவில்லாமல் சுற்றும் குமிழ். ஒரு வட்டத்தட்டின் துளைகளை ஒளியால் எண்ணி அசைவைக் கணக்கிடும். வீட்டு வாஸில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், இரு பக்கமும் முட்டி நிற்கும். பழைய ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல் இதே சாமான்தான், வியாதியும் அதேதான். கரிப் பாதையில் தூசி படிந்தால் ரேடியோ கரகரக்கும். இங்கே கை அசையாதபோதே மட்டை நடுங்கும். கான்டாக்ட் கிளீனரை உள்ளே கொஞ்சம் அடித்து, குமிழை முனைக்கு முனை பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயைத் தயவுசெய்து அடிக்காதீர்கள். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அதற்கு இணை கிடையாது.

இன்னொன்று, டிவி. பழைய குழாய் டிவியில் கையும் மட்டையும் ஒன்றாக நகரும். பல எல்சிடி திரைகளில் மட்டை ஒரு நொடிப்பொழுது பின்தங்கும். மற்ற ஆட்டங்களில் பொறுத்துக்கொள்ளலாம், இதில் முடியாது. குறைந்தபட்சம் டிவியில் 'கேம் மோடு' இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அமெரிக்க நின்டெண்டோவில் வாஸ் அர்கனாய்டைத் தவிர வேறு எதற்கும் உதவாது. ஒரே ஆட்டத்துக்காக ஒரு சாமானா என்று கேட்பவர்களுக்கு அது வேண்டாம். வேண்டும் என்பவர்கள் காசு கொடுக்கும் முன் குமிழை இரு முனைக்கும் திருப்பிப் பாருங்கள். மட்டை இரண்டு சுவரையும் தொட வேண்டும், நடுவில் எங்கும் துள்ளக் கூடாது. துள்ளினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சுவரைத் தொடவே இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள்.