மலை கண்டுபிடித்த கோளாறு

ஓமானில் ஜபல் அக்தர் என்றால் 'பச்சை மலை' என்று அர்த்தம். பெயரைக் கேட்டுக் கொடைக்கானலைக் கற்பனை செய்துகொண்டு போய்விடாதீர்கள். வழியெல்லாம் மொட்டைப் பாறைதான். சுமார் 2,000 மீட்டர் ஏறினால்தான் மாதுளை, ரோஜாத் தோட்டங்கள். ஏப்ரலில் பன்னீர் காய்ச்சும் வாசனை ஆளைத் தூக்கும்.

அடிவாரம் பிர்கத் அல் மவ்ஸ். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளைத்தான் போலீஸ் மேலே விடும். என்னுடையது பதினைந்து வயசு பெட்ரோல் பிக்கப். கம்பீரமாகத்தான் கிளம்பியது. பாதி ஏற்றத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்ஸிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தும்... மாட்டு வண்டி வேகம்தான்!

"டாக்ஸியில போலாம்னு அப்பவே சொன்னேன்" என்றாள் மனைவி.

ஓரங்கட்டி, அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. ரோஜாவுக்குத் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிட்டு, சின்ன கியரில் இறங்கினேன்.

ஏற்கெனவே மஸ்கட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில், "த்ராட்டில் போச்சு, புதுசுதான்" என்றிருந்தார்கள். கேட்ட தொகை, நான் மாசாமாசம் ஊருக்கு அனுப்புகிற பணம்!

நிஸ்வாவில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி சிக்கினார். ஸ்கேனரைச் சொருகினார். பி 2135 என்று வந்தது.

"எப்ப வருது தம்பி?"

"ஏத்தத்துல மட்டும் அண்ணாச்சி."

சிரித்தார். இந்த வண்டிகளில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. குட்டி மோட்டார் ஒன்று காற்றுக் கதவைத் திறக்கும். எவ்வளவு திறந்தது என்று சொல்ல இரண்டு சென்சார். இரண்டும் வெவ்வேறு கதை சொன்னால், கம்ப்யூட்டர் யாரையும் நம்பாமல் வேகத்தைக் கட்டிப்போடும்.

"பொய் சொல்லுதது சென்சாரா, ஒயரான்னு பாக்காம மாத்தலாமா?"

எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரைப் பார்த்தபடி ஒயர்க் கட்டை ஆட்டினார். ஒரு எண் மட்டும் துள்ளியது! ஏற்றத்தில் எஞ்சின் இழுத்து ஆடும்போதெல்லாம் உரசி, ஒரு ஒயரின் தோல் தேய்ந்திருந்தது. வெட்டி, பற்றவைத்து, உறை போட்டார். கதவில் படிந்த கரியையும் துடைத்தார். "சாவி போட்டிருக்கும்போது இதுக்குள்ள விரலை விட்டுராத, கடிச்சிரும்." கூலி ஐந்து ரியால்.

மே பாதியில் மறுபடி ஏறினோம். விளக்கு எரியவில்லை. தோட்டத்தில் ரோஜாவும் இல்லை, சீசன் முடிந்திருந்தது.

"வண்டி சரியாயிடுச்சு. டிரைவர்தான் இன்னும் லேட்" என்றாள் மனைவி.