பூட்டுப் பட்டறையில் கண்ட மறுவாழ்வு

திண்டுக்கல் நாகல்நகரை அடுத்த சந்து ஒன்றில், தகரம் வேய்ந்த பூட்டுப் பட்டறையினுள், பஞ்சாலை விபத்தில் இடக்கையை மணிக்கட்டோடு இழந்த வாலிபர் ஒருவர் அரம் பிடித்து லீவர் தகடுகளை ராவிக்கொண்டிருப்பதை, அவருக்கு அவ்வேலையை அமைத்துக் கொடுத்த மறுவாழ்வுப் பணியாளரான அம்மையாரோடு சென்று கண்டேன்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் ஜீவன் அதன் லீவர்களில் இருக்கிறது. சாவியின் ஒவ்வொரு வெட்டும் தன் லீவரை உரிய உயரத்துக்குத் தூக்கினாலன்றித் தாழ் நகராதாகையால், அரத்தின் ஓர் இழுப்பு மிகுந்தாலும் தகடு வீண். இத்தகைய நுட்ப வேலைக்கு ஒரு கையுடையவரைத் தேர்ந்த தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அம்மையார் பல நாள் அப்பட்டறையிலேயே உட்கார்ந்து, எந்த வேலைக்குப் பலம் வேண்டும், எதற்குப் பார்வை வேண்டும், எதற்கு இரு கை வேண்டும் என்று ஒவ்வோர் அசைவையும் குறித்து வந்திருக்கிறார். ராவும் கை ஒன்றே; மற்றது தகட்டைப் பிடித்திருக்க மாத்திரமே வேண்டியிருந்தது. ஆகவே காலால் மிதித்தால் இறுகுவதும், விட்டால் விரிவதுமான கவ்வி ஒன்றை வெல்டிங் கடையில் செய்வித்து மேஜையில் பொருத்திவிட்டார்.

"இரக்கப்பட்டு ஆள் வச்சா தொழில் கெட்டுப்போகும்னு இந்தம்மாகிட்டயே சொன்னேங்க. இப்ப தம்பி ராவுன லீவரை நான் மறுபடி தொடுறதே இல்ல" என்றார் பட்டறைப் பெரியவர்.

தொழில் அறியாதவர் மறுவாழ்வுப் பணிக்கு அருகரல்லர் என்பது அங்கே எனக்கு உறுதியாயிற்று. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சஸ்திர சிகிச்சையால் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட், சீரான கைக்குப் பிழைப்பு வேண்டுமென்று தச்சுவேலை கற்பிக்க ஏற்பாடு செய்ததும் நினைவுக்கு வந்தது.

இளைஞர்க்கு மறுவாழ்வுப் பணியில் ஜீவனோபாயம் உண்டா? உண்டு. தொழில் ஆலோசகரையும் வேலைவாய்ப்பு அலுவலரையும் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் மறுவாழ்வு வல்லுநராக அங்கீகரித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு வேலையில் அவர்களுக்கு 4 சதவீதம் ஒதுக்கியது. உலக வங்கி உதவியோடு நடைபெறும் தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்தால் இத்துறையில் புதிய பணியிடங்களும் தோன்றியுள்ளன. எனினும் திட்டத்தோடு பிறந்து திட்டத்தோடு மறையும் ஒப்பந்த வேலைகளே மிகுதி. ஊதியமும் சிரமத்துக்கு ஈடாகாது. இது பெருங்குறை.

சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமம் நிறுவிய மாவட்டம் இது. ஊருக்கு ஊர் பஞ்சாலையும் பட்டறையும் உள்ள இங்கே, ஒன்றியத்துக்கு ஒரு மறுவாழ்வுப் பணியாளரையாவது நிரந்தரமாக நியமிக்குமாறு அரசை வேண்டுகிறேன். சமூகப்பணி பயிலும் மாணவர்களும் ஏட்டோடு நில்லாமல் ஏதேனும் ஒரு பட்டறையில் சில மாதம் அரம் பிடித்துப் பழகி வரட்டும்.