திருவிழாவுக்கு மட்டும் வர்ற ஊர்



போன ஞாயிறு ஈப்போவிலிருந்து நாலு வேன்ல, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கூழ் ஊத்தப் போயிருந்தோம். பெரிய ரோட்டை விட்டு செம்பனைக்குள்ள செம்மண் பாதையில வண்டி திரும்பினதுமே எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். "என்னா காத்து! என்னா அமைதி! இங்கேயே இருந்துடலாம் போல"ன்னு நாங்களும்தான் சொன்னோம். போட்டோவும் எடுத்தோம்.

கூட வந்த ஒரு சின்னப் பிள்ளை, "இதுதான் நம்ம கம்பமா?"ன்னு கேட்டுச்சு. கோயிலைப் பார்த்துக்கிற தாத்தா சிரிச்சிக்கிட்டே சொன்னார்: "கம்பம் இல்லம்மா, தோட்டம். கம்பத்துல இருக்கிறது நம்ம வீடு. இங்க இருந்தது தோட்டத்து வீடு. வேலை போனா வீடும் போயிடும்."

அதுக்கப்புறம் போட்டோ எடுக்க எங்களுக்கு மனசு வரல.

நாங்க ரசிச்சது ஆள் இல்லாத அமைதி. ரப்பர் காலத்துல விடியுமுன்னே இங்கே பெரட்டு. வெயில் ஏறினா பால் நின்னுடும்னு இருட்டிலேயே கொசுக்கடியோட மரம் சீவினாங்க. ரப்பர் போய் செம்பனை வந்ததும் அத்தனை ஆள் தேவைப்படல. லயம் காலியாச்சு.

துன் சம்பந்தன் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் அவர் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்து பத்து வெள்ளியாகக் கொடுத்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எல்லாத் தோட்டத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தத் தோட்டத்துல சனங்க தங்களுக்குன்னு கட்டினது இந்தக் கோயில் ஒண்ணுதான். இன்னைக்கு மிஞ்சி நிக்கிறதும் அதுதான்.

கிளம்பும்போது தாத்தா சொன்னார்: "திருவிழாவுக்கு நூறு பேர் வர்றீங்க. வெள்ளிக்கிழமை விளக்குக்கு நானும் ஆத்தாளும்தான்." அவருக்கு முட்டி வலி. படி ஏறவே சிரமப்படுறார். அவருக்குப் பிறகு யார்னு எங்களால பதில் சொல்ல முடியல.

அதனால ஒரு முடிவு எடுத்திருக்கோம். இனி வெள்ளிதோறும் ஈப்போவிலிருந்து முறை வச்சு ஒரு கார் போகும். கூட்டி, துடைச்சு, விளக்கேத்திட்டு வரணும். அவ்வளவுதான்.

உங்க வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்க எந்தத் தோட்டம், எந்த லயம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லட்டும்.

வர்றவங்க கீழே பேர் போடுங்க. எண்ணெய் நாங்க வாங்கிடுறோம். நீங்க ஒரு துடைப்பம் எடுத்துட்டு வாங்க.