எந்த வாய்ப்பாட்டிலும் வராத எண்

எங்கள் மகள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். மேசையின்மேல் மடிக்கணினியில் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. திரையில் நாற்பது சிறு கட்டங்கள். மற்றவற்றில் எல்லாம் முகங்கள் தெரிய, ஒன்றில் மட்டும் எங்கள் வீட்டுச் சுவரும் அதில் தொங்கிய மாதக் காலண்டரும் தெரிந்தன. ஆசிரியை அவள் பெயரை இருமுறை அழைத்தார்; பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பிற்பகல் அது.

அவளை வெளியே அழைக்க நாங்கள் இருவரும் தரையில் அமர்ந்து குனிந்தபோது அவள் சொன்னாள்: “நம்ம வீட்ல யாருக்கும் கணக்கு வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க.”

உண்மைதான். இருவருமே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர்கள். தமிழ் வாத்தியார் வீட்டில் கணக்கைத் தேடலாமா என்று உறவினர் கூடும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பது எங்கள் வழக்கம். கணக்கு வராமையை ஒருவகைக் குலப்பெருமை போலவே பேணி வந்திருக்கிறோம். கேட்டுக்கொண்டிருந்த குழந்தை அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. பரம்பரை நோய்போல் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஓராண்டு அவளுக்கு வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தோம். பள்ளிகளே மூடிக்கிடந்த ஆண்டு. பெரிய துணிச்சல் ஒன்றும் தேவைப்படவில்லை. தமிழும் வரலாறும் எங்களுக்குச் சிக்கலில்லை. ஆங்கிலம் ஒருவாறு சமாளிக்கலாம். அறிவியலுக்குக் கோவளத்துக் கடற்கரையே போதும் என்று தைரியமாக நினைத்தோம். கணக்குக்குத்தான் போக்கிடம் இல்லை. தனிப்பயிற்சி நிறுவனங்களின் விற்பனையாளர்கள் தொலைபேசியில் சொன்ன கட்டணம் எங்கள் கைக்கு அடங்குவதாக இல்லை. ஆகவே இலவசமாக என்ன கிடைக்கும் என்று இணையத்தில் தேடத் தொடங்கினோம்.

கிடைத்தது கொஞ்சமன்று. கான் அகாதெமியில் ஒன்றாம் வகுப்புக் கூட்டலிலிருந்து கல்லூரி நுண்கணிதம்வரை இருந்தது. வட்டமும் முக்கோணமும் விரலுக்கு இசைந்து அசையும் ஜியோஜீப்ரா இருந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் இருந்தன. நடுவண் அரசு 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளம் இருந்தது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வெளியிடும் ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’ என்ற கணக்கு இதழின் பழைய எண்கள் முழுமையாகத் தரவிறக்கக் கிடைத்தன. ஒரு வாரத்தில் எங்கள் கணினியில் இருநூறு சுட்டிகள் சேர்ந்துவிட்டன. புத்தகச் சந்தையில் வாங்கிவந்து பிரிக்காமல் அடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த நோய் புரியும். நாங்கள் தேடிக்கொண்டே இருந்தோம். அவள் ஒரு கணக்கும் போடவில்லை.

கான் அகாதெமி தோன்றிய கதையை அப்போதுதான் படித்தோம். 2004இல் சல்மான் கான் என்பவர், வேறோர் ஊரிலிருந்த உறவுக்காரச் சிறுமி ஒருத்தி கணக்கில் பின்தங்கியதைக் கேட்டு, தொலைபேசியிலும் இணையத்திலுமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிற உறவுக் குழந்தைகளும் சேரவே, 2006இல் பாடங்களைப் படமெடுத்து யூடியூபில் இட்டார். 2008இல் அது இலாப நோக்கற்ற நிறுவனமாயிற்று. கோடிக்கணக்கானவர்கள் இன்று காணும் அந்தப் பாடங்களின் தொடக்கத்தில் இருந்தது ஒரே ஒரு சிறுமியும், அவள் பேசுவதைக் கேட்க மறுமுனையில் ஒருவரும். படங்கள் எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன. மறுமுனையில் உட்கார்வது யார் என்பதுதான் தெரியவில்லை.

எப்படியோ தொடங்கினோம். அவள் படம் பார்ப்பாள், தலையசைப்பாள், முடிந்ததும் புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்பாள். ‘பிரைம் நம்பர்’ என்றால் என்ன என்று கேட்டால் மட்டும் மௌனம். ஐந்து ஆண்டு ஆங்கிலவழியில் படித்த குழந்தை அவள். பிரைம் என்ற சொல் அவளுக்கு எதையும் காட்டவில்லை. எங்களுக்கும்தான்.

தீர்வு வாசல் வழியே வந்தது. எங்கள் தெருமுனையைத் தாண்டினால் மீனவர் தெரு. அங்கிருந்து அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் வீட்டுக்கு மீன் கொண்டுவருவான். வீட்டில் ஒரே ஒரு செல்பேசி, அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும் நேரத்தில் சில நாள் பார்ப்பான், சில நாள் மின்சாரம் இராது. அன்று திண்ணையில் மகளின் நோட்டைப் பார்த்தவன், “இது பகா எண்ணுதானே?” என்றான்.

“அப்படின்னா?” என்று அவள் கேட்டாள்.

“வேற எந்த வாய்ப்பாட்டுலயும் வராது. ஒண்ணாம் வாய்ப்பாட்டுலயும் அதோட சொந்த வாய்ப்பாட்டுலயும்தான் வரும். ஏழு பாரு, ரெண்டுல வராது, மூணுல வராது, எதுலயும் வராது.”

பதினேழாம் வாய்ப்பாடுவரை அவனுக்கு மனப்பாடம். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்று முதல் நூறுவரை எழுதி, வாய்ப்பாட்டில் வருவதையெல்லாம் அடித்துக்கொண்டே போனார்கள். ‘எரடோஸ்தனீஸ் சல்லடை’ என்று அவன் பாடநூலில் அதற்குப் பெயர். எஞ்சியவை இருபத்தைந்து. ஐம்பத்தொன்று மிஞ்சியிருப்பதாக அவள் சொல்ல, “மூவேழு இருபத்தொண்ணு, அதோட பத்து மூணு முப்பது, பதினேழுமூணு ஐம்பத்தொண்ணு” என்று அவன் மறுத்தான். கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பெண் ஐம்பத்தொன்றுக்காகக் கால்மணி நேரம் சண்டை போட்டாள்.

உள்ளே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு வேறொரு காரணத்தால் மேனி சிலிர்த்தது. பகா எண்! இருபது ஆண்டாக வகுப்பில் நன்னூல் பதவியல் நடத்துகிறோம். பகுபதம், பகாப்பதம் என்று கரும்பலகையில் எழுதாத ஆண்டில்லை. பகுத்தால் பொருள் தரும் உறுப்புகளாகப் பிரிவது பகுபதம். பிரிக்க இயலாதது பகாப்பதம். கணக்கில் பகு எண், பகா எண். இந்தக் கலைச்சொல்லை ஆக்கியவர் யாரோ, பவணந்தியைப் படித்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. எங்களுக்குக் கணக்கு வராது என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தோமே, கதவின் திறவுகோல் எங்கள் இடுப்பிலேயே தொங்கியிருக்கிறது.

அவன் மறுநாள் முந்தைய ஆண்டின் மூன்று பருவப் புத்தகங்களையும் கொண்டுவந்து கொடுத்தான். 2018இல் புதிதாக எழுதப்பட்ட ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். பக்க ஓரத்தில் விரைவுக் குறியீட்டுக் கட்டங்கள், ‘இணையச் செயல்பாடு’ என்று ஜியோஜீப்ராவுக்கு வழி. நாங்கள் இரவிரவாகத் தேடியதில் பாதி அவன் புத்தகப் பையில் அச்சாகவே இருந்தது. அரசு அவனுக்கு விலையில்லாமல் கொடுத்தது. (விலையில்லா என்ற சொல்லைத் தமிழாசிரியர்கள் சற்று நின்று சுவைக்கலாம். இலவசம் என்பதன் இளக்காரம் அதில் இல்லை. விலை மதிக்க முடியாதது என்றும் அது பொருள்படும்.) அதே நூல் இணையத்திலும் கோப்பாகக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆங்கிலவழிப் பிள்ளைக்கு அது எதற்கு என்று நாங்கள்தான் அதைத் திறக்காமல் விட்டிருந்தோம். கேளம்பாக்கத்து ஜெராக்ஸ் கடையில் பயிற்சிப் பக்கங்களை மட்டும் இரண்டு படி எடுத்துவந்தோம், அவனுக்கொன்று, அவளுக்கொன்று.

அன்று முதல் அவன் மாலையில் வந்தான். பிரமாதமான ஏற்பாடு ஒன்றும் இல்லை. திண்ணை, ஒரு பாய், ஒரு மடிக்கணினி. எங்களுக்கும் தெரியாத இடங்களில்தான் கணினியைத் திறப்போம். ஒன்று ஏன் பகா எண் இல்லை என்று மகள் கேட்டாள். அதுவும்தான் எதனாலும் வகுபடவில்லையே? பையனுக்கும் தெரியவில்லை, ‘ஒன்று பகு எண்ணும் அன்று, பகா எண்ணும் அன்று’ என்று புத்தகம் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. விடை ஓர் ஆங்கிலப் படத்தில் கிடைத்தது. ஆறு என்பது இரண்டு பெருக்கல் மூன்று. ஒன்றையும் பகா எண்ணாகச் சேர்த்தால், ஒன்று பெருக்கல் இரண்டு பெருக்கல் மூன்று என்றும், ஒன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்த்தும் எழுதலாம். ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் என்ற ஒழுங்கு கெட்டுவிடும். சொல் தமிழ்ப் புத்தகத்தில் கிடைத்தது, காரணம் அயல்நாட்டுப் படத்தில். இரண்டும் காசில்லாமல்.

பின்னங்கள் வந்தபோது மறுபடி இருட்டு. வெவ்வேறு பகுதிகளை உடைய பின்னங்களைக் கூட்டச் சொன்னால் மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டிவிடுவாள். அரையும் அரையும் நாலில் இரண்டு, அதாவது மறுபடியும் அரை! இம்முறை உதவியது அவள் பாட்டி. தொலைபேசியில், “ஊறுகாய் முக்காலே மூணு வீசம் காலியாயிடுச்சு” என்றார். நாமெல்லாம் ‘ஏறத்தாழ முழுவதும்’ என்ற பொருளில் எண்ணாமல் சொல்லும் தொடர். வீசம் என்றால் என்ன என்று குழந்தை கேட்டாள். பதினாறில் ஒன்று. அப்படியானால் முக்கால் என்பது பன்னிரண்டு வீசம். பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. பதினாறில் பதினைந்து காலி. “அப்ப இன்னும் ஒரு வீசம் ஊறுகாய் இருக்கு பாட்டி!”

அந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த மிக இனிய கணக்கு ஒரு சொல்லுக்குள் இருந்தது. வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதுக்கும் எண்பதுக்கும் மீச்சிறு பொது மடங்கு எண்பது. மா என்பது எண்பதில் நான்கு. அதனுடன் காணி ஒன்று. ஆக எண்பதில் ஐந்து, சுருக்கினால் பதினாறில் ஒன்று. பாடநூல் ஒரு பக்கம் முழுக்கச் சொன்னதை இச்சொல் தன் புணர்ச்சிக்குள்ளேயே வைத்திருக்கிறது. இந்தப் பின்னக் குறியீடுகள் 2019இல்தான் யூனிகோடு குறிமுறையில் இடம்பெற்றன. பழைய எண்சுவடிகளோ தமிழ் மின்னூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கும்படி கிடக்கின்றன.

இதைச் சொன்னவுடன் திண்ணைப் பள்ளிப் பொற்காலம் என்று கொடிபிடிக்க வேண்டாம். எண்சுவடியை ஒப்பித்த அந்தத் திண்ணைகளில் பிழை சொன்ன பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. எங்கள் திண்ணையில் பகா எண்ணை விளக்கியவனின் முன்னோர்களில் எத்தனை பேரை அன்றைய திண்ணைகள் ஏறவிட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

சென்னையின் கணக்காசிரியர் பி.கே. சீனிவாசனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இராமானுசனை நேரில் அறிந்தவர்களின் கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்தவர். இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகம் அமையக் காரணமானவர். 2005இல் மறைந்தார். காலண்டரை வைத்துக் கணக்கு விளையாடுவது பற்றி அவர் எழுதிய சிறுநூலை அரவிந்த் குப்தா தம் தளத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி இட்டிருக்கிறார். மாதக் காலண்டரில் மூன்றுக்கு மூன்றாக ஒரு சதுரம் வரையுங்கள். ஒன்பது எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் நடு எண்ணின் ஒன்பது மடங்கு. ஆகஸ்டுப் பிற்பகலில் திரையில் வெறுமனே தெரிந்த அந்த மளிகைக்கடைக் காலண்டரைக் கழற்றிக் கிழித்துக் கிழித்து இருவரும் சோதித்தார்கள். ஏன் அப்படி என்று கண்டுபிடிக்க அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. நடுவுக்கு இடப்பக்கம் ஒன்று குறைந்தால் வலப்பக்கம் ஒன்று கூடுகிறது, மேலே ஏழு குறைந்தால் கீழே ஏழு கூடுகிறது. அந்த நான்கு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்ததே ஆசிரியர்களாக நாங்கள் செய்த பெரிய காரியம். (எங்களுக்கு விடை தெரிந்திருக்கவில்லை என்பது இங்கு உதவியது.)

இலவசம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தளங்கள் காசு கேட்பதில்லை. கருவி கேட்கிறது, இணைப்பு கேட்கிறது, மின்சாரம் கேட்கிறது, பக்கத்தில் உட்கார ஒருவரின் மாலை நேரத்தைக் கேட்கிறது. எங்களுக்கு அரைச் சம்பள விடுப்பும் ஒரு திண்ணையும் இருந்தன. பையனின் அம்மா கூடையோடு ஏலத்துக்குப் போய்த் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். 2021 நவம்பரில் எட்டாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தபோது எங்கள் மகள் திரும்பிச் சென்றாள். அவனும் சென்றான். அவன் தெருவில் எல்லாப் பையன்களும் திரும்பவில்லை.

அதற்கு முன், அந்த ஆண்டு ஆனியில் நடந்தது ஒன்று. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பண்ருட்டிப் பழம் ஒன்று வாங்கினோம். இருவரும் எண்ணினார்கள். எழுபத்தைந்து முள். ஆறால் பெருக்கினால் நானூற்று ஐம்பது, ஐந்தால் வகுத்தால் தொண்ணூறு. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தோம். சுளைகள் நூற்றுப் பன்னிரண்டு.

பழம்பெரும் நூலுக்கு வக்காலத்து வாங்க நாங்கள் வாய் திறந்தோம். நாட்டுக்கு நாடு பழம் மாறும், அன்றைய பலா வேறாக இருந்திருக்கும் என்று இழுத்தோம். அவள் கேட்கவில்லை. பிசின் ஒட்டிய விரலால் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெருக்கினது, வகுத்தது எல்லாம் சரிப்பா. காம்புகிட்டன்னா முதல் வரிசையா, ரெண்டாவது வரிசையான்னு புக்ல சொல்லல. தப்பு புக்கோடது.”

“ரெண்டாவது வரிசைய எண்ணியிருக்கணும்” என்றான் அவன். “இப்ப வெட்டியாச்சே.”

இன்னொரு பழம் வாங்கச் சொல்லி இருவரும் எங்களைப் பார்த்தார்கள்.