சுருக்கித் தொழும் தூரம்

சென்னையிலிருந்து பலாலிக்கு வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். இரத்மலானையிலிருந்து 330. யாழ்ப்பாணத்தவனுக்குச் சென்னையும் கொழும்பும் கிட்டத்தட்ட ஒரே தூரந்தான். 1947 டிசெம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. 2019 நவம்பரில் சென்னை விமானம் மறுபடி பலாலிக்கு வந்தது. பெருந்தொற்றில் நின்று, 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பறப்பு.

சென்னையில் வைத்தியம் முடிந்த உம்மாவை அந்த வழியாகவே கூட்டிவந்தேன். சோனகத் தெருவில் மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் புத்தளம் போவதாக ஏற்பாடு.

உம்மாவுக்குக் கிலோமீற்றர் பிடிபடாது. அவருக்குத் தூரமென்றால் வக்துதான். சுபஹ் தொழுது பஸ் ஏறினால் எந்த ஊரில் லுஹர், எந்த ஊரில் அஸர் என்றுதான் கணக்கு. "ஒரு வக்துகூட ஆகேல்லையே மகன், இதுக்குமா கஸ்ர்?" என்றார். நமது ஷாஃபிஈ மத்ஹபில் நேரமல்ல, தூரந்தான் கணக்கு. எண்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். கடலில் அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் சுருக்கலாமென்று இமாம் நவவி 'மின்ஹாஜி'ல் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள். விமானத்துக்கும் அது பொருந்துகிறது.

பலாலியில் ஏறிய வாகனத்தின் சாரதி, கம்பிவேலிக்கு அப்பால் கைகாட்டினார். அவருடைய காணி அதற்குள்ளே. வலிகாமம் வடக்குச் சனம் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்காக ஊர் இழந்ததும் 1990இல்தான். அதே வருடம் ஒக்டோபர் 30இல் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். "உள்ளுக்கு எவ்வளவு தூரம் தம்பி?" என்று உம்மா கேட்டார். "கூப்பிடு தூரம்தான் அம்மா."

மாமா வீட்டில் லுஹருக்கு உளூச் செய்யும்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. உம்மா இங்கே பயணியா, ஊராளா? பிறந்த ஊரை விட்டு வேறிடத்தில் குடியேறியவர், சில நாள் தங்கலுக்கு அங்கு வந்தால் பயணிதான் என்பது மார்க்கச் சட்டம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தாம் பிறந்த மக்காவுக்கு மதீனாவிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்தபோது சுருக்கித்தான் தொழுதார்கள். இதைச் சொன்னேன்.

உம்மா மறுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது சரி மகன். ஆனா நான் ஊர விட்டுட்டன் எண்டு ஒருநாளும் நிய்யத் வைக்கேல்லையே" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேலாகப் புத்தளத்தில் வாக்குப் பதிவு, கபுறடி, பேரப்பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. குடியேறியதற்கு இவையெல்லாம் சாட்சி. நிய்யத்துக்குச் சாட்சி கிடையாது, அது உள்ளத்தில் இருப்பது. மாமா நடுவில் வந்து, கஸ்ர் சலுகைதானே, முழுசாத் தொழுதாலும் கூடும் என்றார்.

நான் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்தேன். பக்கத்து அறையில் உம்மா மூன்றாவது ரக்அத்துக்கு எழுந்துகொண்டிருந்தார்.